உள்ளே பாய்ந்து வருவது



சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நம் சபையின் மகள் ஒருத்தி ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றுடன் வந்தாள். அதில் ஒரு சொல்லின் கீழ்க் கோடு இட்டிருந்தாள். "ஐயா, 'இன்ஃப்ளக்ஸ்' என்றால் என்ன பொருள்?" என்று கேட்டாள். "உள்ளே பாய்ந்து வருதல், பெருகி வருதல்" என்றேன். அவள் சற்று யோசித்து, "வெள்ளம் வருவதைப் போலவா, ஐயா? ஆனால் இங்கே வேலைக்கு வரும் ஆட்களைப் பற்றி அல்லவா எழுதியிருக்கிறார்கள்?" என்றாள்.

நான் மறுமொழி கூறுமுன் அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "சரியான சொல்தாம்மா. பஸ்ஸில் ஏறினாலும் அவர்கள்தான், கடைவீதிக்குப் போனாலும் அவர்கள்தான். வெள்ளமாகத்தான் வந்துவிட்டார்கள்" என்றார். அவர் நல்லவர், உபகாரி, பகைமையோடு சொல்லவில்லை. நானும் சிரித்துத் தலையசைத்தேன். அவர் போன பின்பு ஏறிட்டுப் பார்த்தால், மதிற்சுவரின் வெளிவாசலருகே இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். நூற்பாலையில் வேலை செய்யும் வடமாநிலத்துப் பிள்ளைகள். ஒருவன் கழுத்தில் சிறு சிலுவை தொங்கியது. மூன்று ஞாயிறுகளாக அவர்கள் கடைசி வரிசையில் வந்து அமர்ந்து, ஒரு வார்த்தையும் விளங்காத பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது. அந்த மூன்று ஞாயிறுகளிலும் நான் அவர்களுடைய பெயரைக் கேட்கவில்லை.

ஆகவே இந்த வாரச் சிந்தனையை அந்தப் பிள்ளையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சொல்லின் பொருளை அறிவது சிறிய காரியம் போலத் தோன்றலாம். எனினும் நாம் எந்தச் சொல்லால் மனிதரைக் குறிக்கிறோமோ, அந்தச் சொல்லின் வழியாகவே அவர்களைப் பார்க்கவும் பழகிவிடுகிறோம்.

சொல் பிறந்த வழி

'இன்ஃப்ளக்ஸ்' என்பது இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். 'இன்' என்றால் உள்ளே. 'ஃப்ளூவெரெ' என்றால் பாய்தல், ஒழுகுதல். இரண்டும் சேர்ந்து 'உள்ளே பாய்தல்' என்றாயின. ஆங்கிலத்தில் இதே பொருளுடைய 'இன்ஃப்ளோ' என்னும் மற்றொரு சொல்லும் உண்டு. ஓசையிலும் பொருளிலும் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினாலும், 'ஃப்ளோ' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இலத்தீன் 'ஃப்ளூவெரெ'யோடு வேரால் அதற்கு உறவில்லை என்று மொழிநூலார் கூறுகின்றனர். இலத்தீன் சொல்லின் பழைய வேருக்குப் பொங்குதல், ததும்புதல் என்னும் பொருள் உண்டாம். அதனாலோ என்னவோ, இன்றைய வழக்கில் 'இன்ஃப்ளோ' என்பது அளவோடு வருவதையும், 'இன்ஃப்ளக்ஸ்' என்பது திடீரெனத் திரண்டு வருவதையும் குறிக்கப் பெரும்பாலும் பயன்படுகின்றன.

இதே வேரிலிருந்து வேறு பல சொற்களும் கிளைத்திருக்கின்றன. தங்குதடையின்றிப் பேசுவதற்கு 'ஃப்ளுவன்ட்' என்கிறோம். செல்வம் வந்து சேர்ந்தவனை 'அஃப்ளுவன்ட்' என்பர். அதாவது, அவனை நோக்கிப் பாய்ந்து வருகிறது. 'இன்ஃப்ளுயன்ஸ்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் விசித்திரமானது. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் விண்மீன்களிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று பாய்ந்து வந்து மனிதருக்குள் புகுகிறது என்றும், அதுவே அவர்களுடைய குணத்தையும் விதியையும் நடத்துகிறது என்றும் நம்பினர். அந்தப் பாய்ச்சலுக்கே 'இன்ஃப்ளுயன்ஸ்' என்று பெயரிட்டனர். கொள்ளைநோய் பரவியபோது அதுவும் விண்மீன்களின் வேலையே என்று கருதி, இத்தாலிய மொழியில் அதனை 'இன்ஃப்ளுயென்சா' என்றனர். 1743 ஆம் ஆண்டு இத்தாலியில் பரவிய நோயைப் பற்றிய செய்தியோடு அச்சொல் ஆங்கிலத்திலும் நிலைபெற்றது. நாம் சாதாரணமாக 'ஃப்ளூ காய்ச்சல்' என்று சொல்லும்போது பழைய சோதிட நம்பிக்கை ஒன்றை அறியாமலே உச்சரிக்கிறோம்!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோய் எப்படி வருகிறது என்று தெரியாதபோது, தூரத்திலுள்ள ஏதோ ஒன்றின்மேல் மனிதர் பழி போட்டனர். வானத்தின் அடையாளங்களுக்குக் கலங்க வேண்டாம் என்று எரேமியா 10 ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம் ஜனத்துக்குச் சொன்னது நினைவிருக்கும். விண்மீன்களுக்கு அஞ்சுவதை நாம் விட்டுவிட்டோம். ஆனால் காரணம் விளங்காத கஷ்டத்துக்கெல்லாம் வெளியிலிருந்து வந்தவன்மேல் பழி போடும் வழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

நம்முடைய சொல்: வரத்து

இச்சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி நீங்கள் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் சீமையில் ஒவ்வொரு நாளும் அது வழங்குகிறது. அதுவே 'வரத்து'. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி வரத்து எவ்வளவு என்று கேட்கிறோம். அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் படிக்கிறோம். போவதும் வருவதும் சேர்ந்ததால்தான் 'போக்குவரத்து' என்கிறோம்.

பழனி மலைகளில் பிறக்கும் சிற்றாறுகள் சேர்ந்து சண்முகாநதியாகி, நம் வட்டத்தின் வழியே வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் கலக்கின்றன. அமராவதி கரூர் அருகே காவிரியை அடைகிறது. மழை குறைந்த இந்தச் சமவெளியில் நம் முன்னோர் அந்தந்த ஊரில் குளம் வெட்டி, ஒவ்வொரு குளத்துக்கும் வரத்துக்கால் வகுத்து, மதகு வைத்து, மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கு கட்டினர். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும். மேல்குளத்தின் போக்கே கீழ்குளத்தின் வரத்து.

நம் ஊரில் 'வரத்து' என்ற சொல் கேட்டு எவரும் அஞ்சியதில்லை. 'வரத்து இல்லை' என்பதுதான் அச்சம் தரும் செய்தி. வரத்துக்காலை ஒருவர் ஆக்கிரமித்துக்கொண்டாலும், சீமைக்கருவேல் மண்டித் தூர்ந்து போனாலும், நல்ல மழையிலும் குளம் வறண்டு கிடக்கும். குளத்துக்குப் போக வேண்டிய நீர் தெருவுக்குள் புகுந்து வீட்டையும் இடிக்கும். இரண்டு துன்பங்களுக்கும் நீர் காரணமன்று. வழி அடைபட்டதே காரணம். வருவது அருளாக இருப்பதும் அழிவாக மாறுவதும், அது வருவதற்கு நாம் வைத்திருக்கும் வழியைப் பொறுத்தது. நான் சொல்ல வருகிற காரியம் இதுதான்.

அச்சொல் சட்டமான நாடு

'இன்ஃப்ளக்ஸ்' என்ற சொல்லையே சட்டத்தின் பெயராக்கிய நாடு ஒன்று இருந்தது. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு, கறுப்பின மக்கள் நகரங்களுக்குள் வருவதைத் தடுக்கும் ஏற்பாட்டை 'இன்ஃப்ளக்ஸ் கன்ட்ரோல்' என்று அழைத்தது. உள்வரத்துக் கட்டுப்பாடு என்று அதனைச் சொல்லலாம். 1923 ஆம் ஆண்டின் நகர்ப்புறச் சட்டத்தில் தொடங்கிய இது, 1952 ஆம் ஆண்டில் மேலும் இறுகியது. கறுப்பினத்தவர் எந்நேரமும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். உரிய அனுமதி இல்லாதவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றவாளி. சுரங்கத்தில் வேலை செய்ய அவன் தேவைப்பட்டான். அவன் மனைவியும் மக்களும் அவனோடு வந்து வாழத்தான் அனுமதி இல்லை. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்னும் ஊரில் இந்த அனுமதிப் புத்தகத்தை எதிர்த்துக் கூடியவர்கள்மேல் காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர். 1986 ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது.

இதைக் காட்டிலும் நம்மை வெட்கப்படுத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்நாட்டின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை நெடுங்காலம் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இனப் பிரிவினையை நியாயப்படுத்தியது. ஞாயிறுதோறும் பாடினார்கள், ஜெபித்தார்கள், காணிக்கை படைத்தார்கள். எனினும் வாசலில் நின்றவனை மனிதனாக அவர்கள் காணவில்லை. ஒரு சபை தவறிப்போவதற்குக் கள்ள உபதேசம் ஒன்று வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஊரார் சொல்லும் சொல்லை ஆராயாமல் தானும் சொல்லத் தொடங்கினாலே போதும். நான் வாசலில் நின்று சிரித்துத் தலையசைத்தேனே, அதை நினைத்தே இவ்வரியை எழுதுகிறேன்.

நாமே வரத்தாக இருந்த நாட்கள்

உலகத்தில் பலர் 'வெள்ளமாக வந்துவிட்டார்கள்' என்று ஒரு காலத்தில் சொன்னது யாரைப் பற்றித் தெரியுமா? நம்மைப் பற்றித்தான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தவரை வரவேற்றார்கள். ஒப்பந்தம் முடிந்து அவர்கள் அங்கேயே நிலைகொள்ள விரும்பியபோது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தார்கள். அங்கே பிறந்த தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண், இந்தியருக்கு எதிரான அத்தகைய சட்டங்களை மீறிச் சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்தாள்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிச் சென்றவர்கள் கண்டிச் சீமையின் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி மலைநாடு போய்ச் சேரும் நடைவழியிலேயே எத்தனையோ பேர் மடிந்தனர். தலைமுறைகள் கடந்த பின்பு, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் ஏற்பாடு செய்தது. அவர்களைக் கேட்காமலே அவர்களை எண்ணிப் பங்கிட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரிக்கும், நம் மாவட்டத்துக் கொடைக்கானல் மலைக்கும் கூலிவேலைக்கு வந்து சேர்ந்தனர். அங்கே 'இந்தியத் தமிழர்' என்று பெயர் பெற்றவர்கள், தாய்மண்ணுக்கு வந்தபோது 'சிலோன்காரர்' என்று பெயர் பெற்றனர். இரு கரையிலும் அவர்கள் வெளியாட்களே.

நம் ஊரையும் சற்று எண்ணிப் பாருங்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசியவர்கள் வந்து இந்தப் புன்செய்க் காடுகளைத் திருத்தினர். சௌராஷ்டிரர் குசராத்திலிருந்து தலைமுறை தலைமுறையாய் நகர்ந்து மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நெசவும் சாயமும் செய்தனர்; சுங்குடிச் சேலை அவர்களோடு வந்தது. நாம் கையில் வைத்திருக்கும் சுவிசேஷத்தை நம் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த யேசு சபைக் குருமாரும், 1834 இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிகளும் உண்டு. ஒட்டன்சத்திரச் சந்தையில் வரத்துக் கணக்குப் பார்க்கிற தக்காளியும், நம் குழம்பின் மிளகாயும், நம் காடுகளின் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. வந்தவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் நம் வட்டிலில் என்ன மிஞ்சும்? நம் வம்சவரலாற்றில் யார் மிஞ்சுவார்?

நியாயமான ஒரு கேள்வி

"ஐயா, இதெல்லாம் சரி. ஆனால் அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை போகிறதே?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இக்கேள்வியைத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. சபையில் ஆலைவேலையையும் கட்டடவேலையையும் நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய கவலை கற்பனையன்று.

ஆயினும் இங்கேயும் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூலியைக் குறைத்தவர் யார்? ஆயிரம் மைல் கடந்து வந்து, மொழி தெரியாமல், தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துறங்குகிறவனா? மாநிலம் கடந்து ஒப்பந்தத்தில் அழைத்துவரப்படும் தொழிலாளிக்கும் அதே வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒரே கூலி தர வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டிலேயே நடுவணரசு சட்டம் செய்தது. அவனைப் பதிவு செய்ய வேண்டும், வழிச்செலவு தர வேண்டும், தங்க இடம் தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்லிற்று. அது ஒழுங்காக நடந்திருந்தால் ஒருவனைக் காட்டி மற்றவனின் கூலியைக் குறைக்க எவராலும் முடிந்திராது. மதகு உடைந்து கிடக்க, நீரைத் திட்டுவதில் பயன் என்ன?

பரதேசிக்கும் சுதேசிக்கும் ஒரே நியாயம் இருக்க வேண்டும் என்று லேவியராகமம் 24:22 கட்டளையிடுகிறது. இது பரதேசியைக் காப்பதற்கு மட்டும் உரியதன்று; சுதேசியின் கூலியையும் அதுவே காக்கிறது. வேலையாட்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் 5 ஆம் அதிகாரத்தில் எழுதியபோது, அந்த வேலையாள் எந்த ஊரான் என்று அவர் சொல்லவில்லை.

வேதம் காட்டும் வரத்து

ஏசாயா 2:2 இல் கர்த்தருடைய பர்வதத்துக்குச் சகல ஜாதிகளும் வருவார்கள் என்ற தரிசனம் உண்டு. அங்கே எபிரெய மூலத்திலுள்ள வினைச்சொல், ஆற்றைக் குறிக்கும் 'நாஹார்' என்னும் சொல்லோடு ஒரே வேர் உடையது. ஜாதிகள் ஆறாகப் பாய்ந்து வருவார்கள் என்பதே அதன் கருத்து. செய்தித்தாள் அச்சத்தோடு எழுதிய அதே உருவகத்தைத் தீர்க்கதரிசி நம்பிக்கையோடு எழுதினான். இன்னும் பாருங்கள்: ஆறு என்பது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும், இந்த ஆறோ பர்வதத்தை நோக்கி மேலே பாய்கிறது. தேவனுடைய கிருபை இழுக்கும்போது மனித வெள்ளமும் மேல்நோக்கி ஓடும்.

எசேக்கியேல் 47 இல் ஆலயத்திலிருந்து புறப்பட்ட நீர் ஆறாகி, போன இடமெல்லாம் உயிர் கொடுத்தது. ஆனால் அதே அதிகாரத்தின் 11 ஆம் வசனம் ஓர் எச்சரிப்பைத் தருகிறது: அங்குள்ள உளையான பள்ளங்களும் மேடுகளும் ஆரோக்கியமடையாமல் உப்புக்கே விடப்பட்டன. அவ்வளவு அருகில் ஜீவநதி ஓடியும் அவை உப்பாகவே கிடந்தன. தேங்கிக் கிடப்பதற்கு வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. புதியவர் எவரும் உள்ளே வராத சபையும், எவருக்கும் எதையும் விட்டுக்கொடாத சபையும் அப்படிப்பட்ட பள்ளமாகிவிடக் கூடும். சுத்தமாக இருக்கிறோம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம், உண்மையில் உப்பாகிக்கொண்டிருப்போம்.

மோவாப் தேசத்திலிருந்து வந்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தை நினையுங்கள். பெத்லகேமின் அறுவடைக் காலத்தில் அவள் வெளியூர்க் கூலிக்காரியைப் போன்றவள். போவாஸ் தன் வேலைக்காரனிடம் "இந்தப் பெண் யார்?" என்று விசாரித்தான். அந்த விசாரிப்பிலிருந்து ஒரு குடும்பம் பிறந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து தாவீது வந்தான். மாம்சத்தின்படி நம் இரட்சகரும் அந்த வழியில் வந்தார். அவரும் கைக்குழந்தையாய் எகிப்துக்கு அடைக்கலம் தேடிச் சென்றவரே. நியாயத்தீர்ப்பின் நாளில் தம்மை அந்நியனாக வந்தவர் என்று அடையாளம் காட்டப்போகிறவரும் அவரே.

உள்ளத்துக்குள் பாய்வது

இன்னொரு வரத்தைப் பற்றியும் நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று சில காணொலிகள் கைப்பேசிகளில் பரவின. அவை பொய்யானவை, வேறெங்கோ வேறெதற்கோ நடந்தவற்றை எடுத்து ஒட்டியவை. ஆனால் அச்சம் பொய்யாக இல்லை. உயிருக்குப் பயந்து எத்தனையோ பேர் இரயிலேறி ஊருக்குப் போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. இதற்கு எதிரான பொய்களும் நம் கைப்பேசிகளுக்கு வருவதை நீங்கள் அறிவீர்கள்: எங்கோ திருடினார்களாம், பிள்ளைகளைக் கடத்தினார்களாம். அனுப்பினவரைத் தெரியும், ஆகையால் செய்தியும் மெய் என்று நம்பி நாமும் அனுப்புகிறோம்.

புறத்திலிருந்து வயிற்றுக்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, இருதயத்திலிருந்து புறப்படுவதே தீட்டுப்படுத்தும் என்று ஆண்டவர் மாற்கு 7 இல் போதித்தார். இருதயத்தைக் காத்துக்கொள், அங்கிருந்தே ஜீவ ஊற்று புறப்படும் என்ற கருத்தை நீதிமொழிகள் 4:23 தருகிறது. நாம் ஊருக்குள் வருகிற மனிதரைத் தடுக்கக் காவல் வைக்க விரும்புகிறோம். உள்ளத்துக்குள் வருகிற வெறுப்புக்கோ கதவைத் திறந்து விடுகிறோம். காவல் வைக்க வேண்டிய மதகு எது என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

வரத்துக்காலைத் தூர் வாருவோம்

ஆதியாகமம் 26 இல் ஈசாக்கு தன் தகப்பன் நாளில் வெட்டப்பட்டுத் தூர்ந்துபோன துரவுகளை மறுபடியும் தோண்டினான். உபசரிப்பு என்பது நம் முன்னோர் வெட்டிவைத்த துரவு. வந்தவரைத் திண்ணையில் அமர்த்தி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்த பின்புதான் எந்த ஊர் என்று கேட்டவர்கள் அவர்கள். அதைத் தூர்ந்து போகவிட்டோம். வாரிவிடுவது நம் கடமை.

ஆகவே பிரியமானவர்களே, மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, மனிதரை 'வெள்ளம்', 'கூட்டம்', 'படையெடுப்பு' என்று பேசுவதை விட்டுவிடுவோம், நானும் விட்டுவிடுகிறேன். இரண்டாவது, உங்களில் ஆலையிலும் கட்டடத்திலும் தோட்டத்திலும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள், உள்ளூரானுக்குத் தரும் கூலியையே வெளியூரானுக்கும், அந்தந்த வாரத்திலேயே தாருங்கள். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள், உங்கள் பிள்ளை தங்கத் தகாத அறையில் பிறர் பிள்ளையைத் தங்கவைக்காதிருங்கள். மூன்றாவது, வருகிற ஞாயிறுமுதல் வேதபாடத்தை இந்தியிலும் ஒருமுறை வாசிக்க விரும்புகிறேன். நம் வாலிபரில் இந்தி கற்றவர்கள் இரண்டு பேராவது எனக்குக் கைகொடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே அந்த இரண்டு இளைஞரையும் தேடிப் போனேன். ஜார்க்கண்டின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவனுடைய பாட்டனார் தம் ஊர்ச் சபையில் மூப்பராயிருந்தவராம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிலும் பேசிக்கொண்டோம். "எங்கள் மொழி புரியாமல் இங்கே ஏன் வந்து அமர்ந்தாய்?" என்று கேட்டேன். "பாட்டு புரியாது, ஆமென் புரியும்" என்றான்.

அவர்களுடைய பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் அமர்ந்திருப்பார்கள். நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடிட்ட செய்தித்தாளோடு வந்த என் அருமை மகளே, உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆம், அச்சொல்லுக்கு உள்ளே பாய்ந்து வருதல் என்றே பொருள். ஆனால் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அச்சொல் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, அந்நியராயிருந்த எங்களை உம்முடைய வீட்டாராகச் சேர்த்துக்கொண்டீர், உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாசலில் வந்து நின்றவர்களை நாங்கள் காணாமற்போன நாட்களை மன்னியும். எங்கள் இருதயத்தில் தூர்ந்துபோன வழிகளைத் திறந்தருளும். உழைக்கிறவர் யாவருக்கும், உள்ளூராருக்கும் வெளியூராருக்கும், நியாயமான கூலியையும் நிம்மதியான உறக்கத்தையும் தாரும். உம்முடைய கிருபை எங்களுக்குள் பாய்ந்து, எங்களிடம் தேங்கிவிடாமல் அயலாருக்கும் பாயும்படி செய்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.